கோதுமையைத் தொடவே இல்லை, பிறகு ஏன் எண் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 43. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. பல வருடமாக ரத்தசோகை. எத்தனை மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. 2 வருடத்துக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலில் சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் நோய் (கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) என்றார்கள். அன்றிலிருந்து சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட் எதையும் தொடுவதில்லை. ஆரம்பத்தில் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையில் 180 (20-க்குள் இருக்க வேண்டுமாம்). ஒரு வருடத்தில் 62 ஆனது. போன மாதம் பார்த்தால் 58. ஃபெரிட்டினும் (உடம்பில் உள்ள இரும்புச்சத்துக் கையிருப்பு) மறுபடி குறைந்திருக்கிறது. வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. டாக்டர், "எங்கேயோ சாப்பிடுறீங்கம்மா" என்கிறார். வீட்டுக்காரரும் சந்தேகமாகப் பார்க்கிறார். அத்தை பாவம், எனக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று கோதுமை சேர்க்காமல் கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, பார்லி அரிசி, முந்திரி போட்டுத் தனியாகச் சத்துமாவு திரித்து, தினமும் காலையில் கஞ்சி காய்ச்சித் தருகிறார். வீட்டுக்காரருக்கு சுகர் என்பதால் இரவில் சப்பாத்தி, எனக்குத் தோசை. நான் ஒழுங்காகத்தான் இருக்கிறேன் என்று காட்ட ஏதாவது டெஸ்ட் உண்டா? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அல்வாவுக்குக் கோதுமைச் சக்கையை எடுத்துவிட்டு, பிழிந்த பால் மட்டும்தானே சேர்க்கிறார்கள், ஒரு துண்டு சாப்பிடலாமா?

பதில்: டீச்சர், நீங்கள் பொய் சொல்லவில்லை. ஒளித்துத் தின்கிறவர்கள் அத்தை சத்துமாவில் என்னென்ன சேர்க்கிறார் என்று இப்படி வரிசையாக எழுதிக் காட்ட மாட்டார்கள். உங்கள் டிடிஜி இறங்காமல் நிற்பதற்குக் காரணமும் அந்த வரிசையிலேயே இருக்கிறது. பார்லி அரிசி.

பெயரில் மட்டும்தான் அரிசி. பலசரக்குக் கடையில் ஜவ்வரிசிக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். நீர்க்கடுப்பு என்றால் வேகவைத்துத் தண்ணீரைக் குடிப்போம். ஆனால் அது கோதுமையின் பங்காளி. சீலியாக் உள்ளவர்களின் குடலைப் புண்ணாக்கும் குளுட்டன் என்ற புரதம் கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் இருக்கிறது. ரை நம் பக்கம் கண்ணில் படாது, பார்லி படும். அத்தைமேல் குற்றமே இல்லை. கோதுமை கூடாது என்று சொன்னீர்கள், அவர் கோதுமையை நிறுத்திவிட்டார். டாக்டர்களும் என்னைப் போன்ற உணவியல் ஆலோசகர்களும் அவசரத்தில் "கோதுமை கூடாதும்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்து அனுப்புவதால் வருகிற வினை இது. இதே ஓட்டையில் ஹார்லிக்ஸும் நுழைந்துவிடும். அதில் கோதுமையும் உண்டு, முளைகட்டிய பார்லியும் உண்டு. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த பாட்டிலைத்தானே பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்! மால்ட் என்று எழுதியிருக்கும் எதையும் லேபிள் படிக்காமல் வாயில் வைக்காதீர்கள்.

"கொஞ்சூண்டு பார்லிதானே" என்று அத்தை கேட்கலாம். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளுட்டன் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் போனால் குடல் தாங்கிக்கொள்கிறது. தினமும் 50 மில்லிகிராம் வீதம் 3 மாதம் கொடுத்துப் பார்த்ததில் குடலுறிஞ்சிகள் சேதமானதை 2007-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியது. 50 மில்லிகிராம் என்பது அந்த பிரெட் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் வருகிற ஒரு கிள்ளல். உங்கள் கஞ்சிக்குக் குவித்து 2 பெரிய ஸ்பூன் மாவு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்குதான் பார்லி என்றாலும் 2 கிராமுக்குக் குறையாது. அதிலிருக்கும் குளுட்டன் 50 மில்லிகிராமைத் தாராளமாகத் தாண்டிவிடும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல்.

சரி, அந்த 58-க்கு வருவோம். டிடிஜி நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லாது. குளுட்டன் வரும்போது உடம்பு உண்டாக்குகிற ஒரு எதிர்ப்பொருளின் அளவு அது. குளுட்டனை நிறுத்தினால் மாதக்கணக்கில் மெதுவாக வடியும். உங்களைப் போல 180-இல் தொடங்கியவர்களுக்கு 2 வருடம்கூட ஆகலாம். ஆனால் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் ஊர் வயலையே எடுத்துக்கொள்ளுங்கள். மடையை அடைத்த பிறகும் ஒரு மட்டத்துக்கு மேல் தண்ணீர் வடியாமல் நின்றால் எங்கேயோ கசிகிறது என்றுதானே மண்வெட்டியோடு வரப்பில் நடப்பார்கள்? 180 முதல் 62 வரை இறங்கியது சப்பாத்தியையும் ரவையையும் நிறுத்தியதால். 62-இலிருந்து 58-க்கு ஒரு வருடம் ஆனது கசிவால். டாக்டர் "எங்கேயோ" என்று சொன்னது சரிதான். "சாப்பிடுறீங்க" என்ற தொனிதான் உங்களைக் குத்தியிருக்கிறது.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று டெஸ்டும் ஒரே லேபில் எடுத்தீர்களா? ஒவ்வொரு கம்பெனிக் கிட்டுக்கும் அளவு வேறு. அம்பாசமுத்திரத்தில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று என்று எடுத்து, எண்ணை எண்ணோடு ஒப்பிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாளைக்கே டிடிஜி 15 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிடாதீர்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தும் குடல் இன்னும் ஆறாதவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் இந்த டெஸ்ட் உயர்ந்து காட்டுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. எண் உயர்ந்திருந்தால் நம்புங்கள், தேடுங்கள். இறங்கியிருந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் சமையலறையைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். வயிறு ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. சிலருக்கு ஒரு வாய் பட்டாலே வயிற்றைக் கலக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு ரத்தசோகை மட்டும்தான் குரல் கொடுக்கும். நோய் தெரிவதற்கு முன்பும் நீங்கள் ரத்தசோகையைத்தானே சொல்கிறீர்கள்!

நீங்கள் கேட்ட மாதிரி டெஸ்ட் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சாப்பிட்ட குளுட்டனின் செரிக்காத துணுக்குகள் சிறுநீரிலும் மலத்திலும் வருகின்றனவா என்று பார்ப்பது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீரில் தெரியும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மலத்தில் சில நாள் தங்கும். எல்லா லேபிலும் இதைச் செய்வதில்லை, செலவும் ஆகும். அந்த இரண்டு மூன்று நாளைத்தான் அது காட்டும். போன வாரக் கல்யாண வீட்டைக் காட்டாது. உங்கள் நிலையில் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. திருடன் யார் என்று தெரிந்த பிறகு கேமரா எதற்கு? உணவுக் கட்டுப்பாட்டை அளக்க 7 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் உண்டு. 7 முதல் 35 வரை மதிப்பெண். 13-க்குக் கீழே வந்தால் நன்றாகக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பார்லியை அரிசி என்று நம்புகிறவர் அதில் முதல் மாணவியாகத் தேறிவிடுவார்.

அதனால் நான் செய்வது பழைய முறை. ஒரு நோட்டில் 7 நாளைக்கு எழுதச் சொல்வேன். அதில் ஒரு ஞாயிறும், முடிந்தால் ஒரு விசேஷ நாளும் வர வேண்டும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு யார் சமைத்தார்கள், எந்தப் பாத்திரத்தில், அதற்கு முன் அதில் என்ன செய்தார்கள், மாவு எங்கே திரித்தது என்பதையும் எழுத வேண்டும். வாயில் வைத்த எதையும் விடக் கூடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாளையங்கோட்டைப் பெரியவர் ஒருவர் நோட்டை அப்படி அழகாக எழுதிக்கொண்டு வந்தார், ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பேச்சுவாக்கில், தினமும் காலைத் திருப்பலிக்குப் போவேன் என்றார். நற்கருணை அப்பம் கோதுமையால் செய்வது. அவர் அதைச் சாப்பாடாக நினைத்தால்தானே எழுதுவார்? கத்தோலிக்கத் திருச்சபை குளுட்டன் அறவே இல்லாத அப்பத்தை ஏற்பதில்லை. குளுட்டனை மிகக் குறைத்த கோதுமை அப்பத்தை அனுமதிக்கிறது. முடியாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். பங்குத்தந்தையிடம் பேசியதும் தீர்ந்தது. உங்கள் நோட்டில் அந்த இடத்தில் கோவில் கேசரி வரலாம், வகுப்பில் பிறந்தநாள் பிள்ளை நீட்டும் வேஃபர் மிட்டாய் வரலாம்.

உங்கள் வீட்டில் நான் முதலில் பார்க்க விரும்பும் இடம் தோசைக்கல். அதே கல்லில்தான் வீட்டுக்காரருக்குச் சப்பாத்தி சுட்டெடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சப்பாத்திக்குத் தூவிய மாவு கல்லின் ஓரத்தில் கருகி ஒட்டியிருக்கும். அடுத்து ஊற்றும் தோசை அதைத் துடைத்து எடுத்துக்கொள்ளும். இரும்புக் கல்லை என்ன தேய்த்தாலும் எனக்குத் திருப்தி வராது. உங்களுக்கென்று தனிக் கல், தனித் தோசைக்கரண்டி. அவருடைய சப்பாத்தியைத் தேய்ப்பதும் நீங்கள்தானா? மாவு பறக்கும், மூக்கிலும் வாயிலும் போகும். அவரே தேய்த்துக்கொள்ளட்டும், கைக்குப் பயிற்சி. அப்புறம் எண்ணெய்ச் சட்டி. பூரி சுட்ட எண்ணெயை மூடி வைத்து மறுநாள் அப்பளம் பொரிப்பது எல்லா வீட்டு வழக்கம். உங்கள் ஊர் அப்பளம் உளுந்துதான், ஆனால் தேய்க்கும்போது தூவுவது அரிசி மாவா மைதாவா என்று போடுகிறவரிடமே நடந்துபோய்க் கேட்கலாம். அந்த வசதி கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு மட்டும்தான்.

மாவு மில்லுக்கு ஒரு நாள் நீங்களே போய்ப் பாருங்கள். மேலே கூம்பில் தானியத்தைக் கொட்டுவார், கீழே துணிக்குழாய் வழியாக மாவு இறங்கும், குச்சியால் துணியை இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டும்போது உதிர்வதில் உங்களுக்கு முன்னால் திரித்தவரின் மாவும் இருக்கும். நம் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, "முன்னால மிளகாயா திரிச்சீங்க?" என்று மறக்காமல் கேட்பார்கள். கோதுமையா என்று யாரும் கேட்பதில்லை, காரம் அடிக்காதே! கேழ்வரகும் கம்பும் அதனதன் இயல்பில் உங்களுக்கு நல்லவை, கெடுவது இங்கேதான். வீட்டிலேயே கழுவி, மாடியில் காயவைத்து, மிக்ஸியில் திரித்துச் சலிப்பது உத்தமம். பச்சரிசியைப் போட்டு மிஷினை ஓட்டிக் கழித்துவிட்டுத் திரிப்பதும் உண்டு. குளுட்டன் குறையும், முழுக்கப் போய்விடும் என்று நான் உறுதி தர மாட்டேன். எண் இறங்கும்வரை மில்லை விட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பெருங்காயம். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பெருங்காயப் பிசின் கொஞ்சம்தான். மீதி வேலம்பிசினும் மாவும். அந்த மாவு பல கம்பெனிகளில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். கோதுமை, பார்லி சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். குளுட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகையால் என்ன வந்துவிடும் என்றால், சாம்பாரில், ரசத்தில், மோரில், துவையலில், இட்லிப்பொடியில் என்று நாள் முழுக்க விழுகிற சிட்டிகைகளை எண்ணிப் பாருங்கள். அரிசி மாவில் கலந்ததாக வாங்கினால் சிக்கல் முடிந்தது. விலையும் பெரிதாக மாறாது.

வெளியில் சாப்பிடுவது இன்னும் கஷ்டம். வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குச் சீலியாக் இருக்கிறது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான் என்று 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதனால் நம் ஊர் ஓட்டலில் சர்வரிடம் குளுட்டன் என்றால் குளுக்கோஸ் கொண்டுவந்து வைப்பார். ஓட்டல் தோசைக்கல்லில் ரவா தோசையும் பரோட்டாவும் புரண்டிருக்கும். மைதா தோய்த்து எதையாவது பொரித்த எண்ணெயில்தான் உளுந்த வடையும் வேகும். இட்லி, தாளிக்காத தேங்காய்ச் சட்னி, வாழைப்பழம், அவ்வளவோடு எழுந்துவிடுங்கள். கல்யாண வீட்டில் பரிமாறுகிறவரிடம் கேட்டுப் பயனில்லை. பந்திக்கு முன்பே பின்கட்டுக்குப் போய்த் தவசுப்பிள்ளையிடம் கேளுங்கள். "அண்ணாச்சி, சொதியில மாவு ஏதாவது கரைச்சு விட்டிருக்கா, எந்தப் பெருங்காயம்?" என்றால் அவர் ஒளிக்க மாட்டார், அவருக்கு அது தொழில் பெருமை. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியுமாகச் செய்கிற நம் சொதியில் இயல்பாகக் குளுட்டன் கிடையாது. உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், அவியல், கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று உங்களுக்குத் தோதான சாப்பாடு இந்தச் சீமையில் நிறையவே இருக்கிறது. வடக்கே பிறந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பீர்கள்!

டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அந்த நோட்டையும் சத்துமாவுப் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஃபெரிட்டின் குறைவுக்குப் பார்லி மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 43 வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் தள்ளி வையுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு, எலும்பின் அடர்த்தி இவற்றையெல்லாம் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மறுபடி எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பார்லியை நிறுத்திய பிறகும் எண் அசையவில்லை என்றால் அந்தப் பேச்சை நீங்களே எடுக்கலாம். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு முறை டிடிஜி பார்த்துவிடுங்கள், இது ரத்த உறவில் வரும் வியாதி. டெஸ்ட் எடுக்கும்வரை அவர்கள் வழக்கம்போலக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்தினால் டெஸ்ட் ஏமாற்றிவிடும்.

அல்வாவைக் கேட்கக் கூச்சம் எதற்கு? திருநெல்வேலியில் அதைக் கேட்காத சீலியாக்காரர் எவரும் என்னிடம் வந்ததில்லை. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழியும்போது சக்கையோடு புரதம் முழுவதும் போய்விடுவதில்லை. பாலோடும் வரும். கோதுமை மாவுச்சத்தை உங்களுக்கு ஆகிற அளவுக்குச் சுத்தம் செய்யத் தொழிற்சாலையில் தனி முறையே இருக்கிறது. வெள்ளைத்துணியில் பிழிந்தால் அது நடக்காது. ஆகவே ஒரு துண்டும் கூடாது, நெய் வடிந்த இலையை வழிக்கவும் கூடாது. அத்தையிடம் பச்சரிசி மாவில் கருப்பட்டி அல்வா கிளறித் தரச் சொல்லுங்கள். சத்துமாவை நிறுத்தச் சொல்லும் அதே மூச்சில் இதையும் கேட்டால் அவர் மனசும் கோணாது. சத்துமாவே வேண்டும் என்றால் பார்லி இல்லாமல், வீட்டு மிக்ஸியில்.

டிடிஜியை மாதாமாதம் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். இன்றைக்குப் பார்லி, கல், மில், பெருங்காயம் நான்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு, 6 மாதம் கழித்து, போன மாதம் எடுத்த அதே லேபில் எடுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பும்போது பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.